இன்ஜினை இறக்கினால்தான் பெல்ட்

செகண்ட் ஹேண்டில் ஃபெராரி எஃப்355 வாங்குபவர் கிலோமீட்டரைவிட முதலில் கேட்க வேண்டியது, டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று. வண்டி ஓடினாலும் சும்மா நின்றாலும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அதற்கு இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும்; சிலிண்டருக்கு 5 வீதம் மொத்தம் 40 வால்வு! செலவு கையைக் கடிக்கும்தான். ஆனால் இறக்கிய இன்ஜினில்தான் கைக்கெட்டாத ஹோஸ், விரிசல் விடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நல்ல மெக்கானிக் அப்போதே அத்தனையையும் பார்த்துவிடுவார்.

ஓட்டும்போது, கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும்வரை இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், வற்புறுத்தக் கூடாது. சூடானபின் லீவர் உலோகத் தகட்டின் பள்ளத்தில் 'டக்'கென்று விழும். அப்புறம் 8,500 ஆர்பிஎம் வரை தாராளமாக மிதிக்கலாம்.