பொன்னாடையும் சம்பளமும்

ஆசிரியர் தினம் வந்தால் தோட்டத்து ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்தித் ‘தியாகி’ என்று வாழ்த்துகிறோம். அந்தச் சொல்லே அவருடைய உரிமையை மறைக்கும் திரையாகிவிட்டது என்பது நம் கருத்து.

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பள்ளிகளோ 1977 முதற்கொண்டே படிப்படியாக அரசின் கைக்கு மாறின. அதுவரை, முப்பதாண்டுகளுக்கு மேலாக, அவை துரைமாரின் தயவில் நின்றன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள்! தாய்மார் மலைக்குப் போகும் வேளையில் பிள்ளைகளை அடைத்துவைக்கும் இடம் என்பதே நிர்வாகத்தின் எண்ணம். ஆயினும் அந்த அறைகள் மலடாகிவிடவில்லை. பதுளைப் பகுதி ஊவாகட்டவளையில் 1934இல் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப், ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியரின் மகனன்றோ?

துரைமார் போன பின்னும் அந்த மனப்பான்மை போகவில்லை. 2015 அளவில் மலையகப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 3,000 ஆசிரிய உதவியாளர்கள் சேர்க்கப்பட்டனர். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். அப்போது கொழுந்து பறிக்கும் தாயின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபாய். இருபத்தைந்து நாள் மலையேறினால் 11,250. உயர்தரம் தேறி வகுப்பறைக்குள் நுழைந்த மகளுக்குத் தாயின் சொற்பக் கூலியில் பாதியளவே கிடைத்தது. பின்னர் கொடுப்பனவு 10,000 ஆனபோதும் அந்தக் கூலியை அது எட்டவில்லை. இதற்கும் தியாகம் என்றுதான் பெயர் சூட்டினோம்!

ஊவாவின் மறுகோடியான மொனராகலையில் இடர் வேறு வடிவம் கொள்கிறது. சிங்களம் பேசுவோரே மிகப் பெரும்பான்மையினரான அம்மாவட்டத்தில் தமிழ்ப் பாடசாலைகள் மிகச் சில. அவையும் சிதறிக் கிடப்பவை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லையேல் மாணவர் கலைப்பிரிவுக்கே ஒதுங்குவர். நாளை அப்பாடங்களைக் கற்பிக்க அம்மண்ணிலிருந்து எவரும் எழார். வெளியூரிலிருந்து வருபவர் மாற்றம் கேட்டுப் போய்விடுகிறார் (அவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை, தங்குவதற்கு ஓர் அறையும் இல்லாத இடத்தில் எத்தனை நாள் இருப்பார்?). லயத்தில் பிறந்து ஆசிரியராகிறவர் மீது நாம் நம்பிக்கை வைப்பது இதனாலேயே. சம்பள நாளன்று ஒரு பிள்ளை ஏன் வரவில்லை என்பதை அவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவரும் அரிசி வாங்கியாக வேண்டும்.

2021 ஜூலை தொடங்கி அக்டோபர் வரை, சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரிச் சிங்கள, தமிழ் ஆசிரியர்கள் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தனர். கோரியதில் ஒரு பகுதி கிடைத்தது. அந்நாட்களில், ‘பிள்ளைகளை மறந்தார்கள்’ என்று அவர்களைப் பழித்தவர்களுள் பொன்னாடை போர்த்தியோரும் இருந்தனர்.