கடிகாரமும் தெரு எண்ணும்

1925 ஜனவரி 24 காலை. நியூயார்க்கின் ரிவர்சைடு டிரைவ் நெடுக, மின்நிறுவன ஊழியர்கள் தெருவுக்குத் தெரு மொட்டை மாடிகளில் நின்றார்கள். முழுச் சூரிய கிரகணத்தின் தெற்கு எல்லை அந்த நகரத்தைக் குறுக்கே வெட்டிப் போக இருந்தது. அவர்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: சூரியன் முழுதாக மறைந்ததா, கீற்று மிஞ்சியதா? 96ஆம் தெருவையொட்டி விடை மாறியது.

நிலாவின் இருப்பிடத்தைக் கணிக்கும் இந்த முறையின் அழகு, கடிகாரமே வேண்டாம் என்பதில் இருக்கிறது. நிலா நொடிக்கு ஏறத்தாழ 1 கி.மீ. நகர்கிறது. மறைவு தொடங்கிய கணத்தைக் குறிப்பவர் ஒரு நொடி தயங்கினால் அவ்வளவு பிழை. மாடியில் நின்றவரின் தயக்கத்தால் தெரு எண் மாறாது. ஆனால் எல்லைக்கோடு சொல்வது பெரும்பாலும் நிலாவின் பக்கவாட்டு விலகலை மட்டுமே. பாதையில் அது எவ்வளவு முந்தியது, பிந்தியது என்றறிய நேரம் குறித்தே ஆகவேண்டும். அன்று நிழல் கணக்கைவிடச் சில நொடிகள் தாமதமாக வந்தது.

தெரு எண்ணின் துல்லியத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நிலாவின் விளிம்பு மலையும் பள்ளமுமானது. பள்ளங்களின் வழியே கசியும் ஒளிதான் 'பெய்லி மணிகள்'. விளிம்பின் வடிவம் தெரியாமல் நிழலின் ஓரத்திலிருந்து நிலாவின் மையத்தைக் கணிப்பது அரைகுறை வேலை. வானியலாளர் வாட்ஸின் விரிவான விளிம்பு வரைபடங்கள் 1963இல்தான் வந்தன.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. அக்காலத்தில் நேரம் என்பதே பூமியின் சுழற்சி. அந்தச் சுழற்சி சீரற்றதென்றால், பிந்தியது நிலாவா கடிகாரமா என்று ஒரு கிரகணத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. நிலா அட்டவணைகளை 1919இல் வெளியிட்ட எர்னஸ்ட் பிரவுனே, 1926இல் பூமியின் மீது ஐயத்தைத் திருப்பினார். 1939இல் வானியலாளர் ஸ்பென்சர் ஜோன்ஸ் சுழற்சியே சீரற்றது என்பதை உறுதிசெய்தார்.

நிலாவின் இயக்கம் வேறு வழியில் தெளிவானதும் அந்தக் குறையே பயனாயிற்று. கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழுக் கிரகணம் தெரிந்ததாகக் களிமண் பலகைகளில் பதிவு உண்டு. பூமி இன்றைய வேகத்திலேயே எப்போதும் சுழன்றிருந்தால், அந்த நிழல் பாபிலோனுக்கு வெகு மேற்கே விழுந்திருக்கும். பூமியின் கடிகாரத்தில் சேர்ந்த பிழை 3 மணி நேரத்துக்கும் மேல்.

1969 முதல் நிலாவில் வைக்கப்பட்ட லேசர் எதிரொளிப்பான்கள் அதன் தூரத்தைச் சென்டிமீட்டர் அளவில் தருகின்றன. நிலாவைத் தேட இனிக் கிரகணம் தேவையில்லை. ஆனால் பூமியின் சுழற்சி இரண்டாயிரம் ஆண்டுகளில் எவ்வளவு தளர்ந்தது என்பதற்கு அந்தப் பழைய பதிவுகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது.