பொங்கலும் கொஷோகட்சுவும்: ஒப்பீட்டு முறையியல் பற்றிய ஒரு நோக்கு

தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் உறவுண்டு என்னும் கருத்தினை, பண்டைய யப்பானிய மொழி ஆய்விலே புகழ்பெற்ற பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008), 1980ஆம் ஆண்டையொட்டி முன்வைக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அ. சண்முகதாஸ், கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் இவ்வாய்வில் அவருடன் இணைந்து உழைத்தமையால், அது ஈழத்துத் தமிழியல் வரலாற்றின் ஓர் அங்கமாகவும் ஆகியுள்ளது. தமிழர் மத்தியில் இக்கருத்துப் பெற்ற வரவேற்புப் பெரிது; விமரிசனமோ சிறிது. எனவே அதன் முறையியலை ஆராய்தல் வேண்டற்பாலதாகும்.

ஓனோ சொல்லொப்பீட்டோடு அமையவில்லை. நெற்செய்கை சார்ந்த வழக்காறுகளையும் சான்றாக்கினார். அவற்றுள் முதன்மையானது பொங்கலுக்கும், 'சிறு புத்தாண்டு' எனப் பொருள்படும் கொஷோகட்சு விழாவுக்கும் அவர் கண்ட ஒற்றுமை. இரண்டும் ஜனவரி நடுப்பகுதியில் நிகழ்வன. பொங்கலிற் பயறு சேர்வதுபோல, அங்கும் செந்நிற அசுகிப் பயறு கலந்த கஞ்சி ஆக்கப்படுகிறது. 'பொங்கலோ பொங்கல்' என்னும் ஆர்ப்பரிப்பை நினைவூட்டும் 'ஹொங்கா ஹொங்கா' என்ற குரல் வட யப்பானில் வழங்கியதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

முதலில் நாளை நோக்குவோம். கொஷோகட்சு, பழைய நாட்காட்டியின் முதல் மாதத்துப் பதினைந்தாம் நாள். அதாவது முழுநிலா நாள். மெய்ஜி அரசு 1873 ஜனவரி 1 முதல் கிரெகொரியன் நாட்காட்டியை நடைமுறைப்படுத்தியபோது, பல விழாக்களின் திகதி எண்கள் அவ்வாறே புதிய மாதங்களுக்கு மாற்றப்பட்டன. அதற்கு முன்னர் இவ்விழா பெரும்பாலும் பெப்ரவரியிலும், சில ஆண்டுகளில் மார்ச் தொடக்கத்திலும் நிகழ்ந்தது. பொங்கலோ நிலவைச் சார்ந்ததன்று. ஞாயிறு மகர இராசியிற் புகுவதைக் கொண்டு கணிக்கப்படுவது. அந்நாளும் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பின்தள்ளப்பட்டு வருகிறது. ஆகவே இன்றைய திகதியொற்றுமையைப் பண்டைய உறவின் எச்சமெனக் கொள்ளவியலாது. அது பெரிதும் 1873இன் நிருவாகச் சீர்திருத்தம் தந்த விளைவேயாகும்.

விழாக்களின் சமூகப் பணியும் வேறுபடுகிறது. பொங்கல் அறுவடையோடு இயைந்த நன்றியறிதல். யப்பானில் நெல் இலையுதிர்காலத்திலேயே அறுக்கப்பட்டுவிடும்; ஜனவரியில் வடபுலத்து வயல்கள் பனியால் மூடிக் கிடக்கும். எனவே அங்குள்ள சடங்குகள் வரவிருக்கும் விளைச்சலை நோக்கியவை. பனிமீது வைக்கோலை நாற்றாக நடுதல், கஞ்சியில் இட்ட குழாய்களுட் புகும் பருக்கைகளைக் கொண்டு விளைச்சலைக் குறிபார்த்தல், பட்டுப்புழுக் கூட்டின் வடிவிலான மாவுருண்டைகளைக் கிளைகளிற் கோத்தல் ஆகியன உழைப்போரின் அச்சத்தையும் எதிர்பார்ப்பையும் புலப்படுத்துவன. ஒத்த உற்பத்தி முறை ஒத்த சடங்குகளைத் தோற்றுவிக்கும். அதற்கு இனவுறவு தேவையில்லை. யப்பானிய நெற்செய்கை சீன நிலப்பகுதியிலிருந்து கொரியக் குடாநாட்டின் வழியாக வட கியூஷுவை அடைந்தது என்பதே தொல்லியலாளரின் பரவலான முடிபு.

மொழிச் சான்றுகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். வினை இறுதியில் வருதலும், உருபுகள் பெயரின் பின் ஒட்டுதலும் கொரிய, மொங்கோலிய, துருக்கிய மொழிகளுக்கும் உரியன. அடிப்படைச் சொற்களான எண்ணுப்பெயர்களோ ஒத்துவரவில்லை. ஹிதொ, ஃபுத, மி, யொ என்பவற்றை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்பவற்றுடன் ஒழுங்கான ஒலிவிதிகளால் இணைத்தல் அரிது. ஒப்பியல் மொழியியலாளர் பெரும்பாலோர் இக்கருத்தினை ஏற்காமைக்கு இத்தகைய இடர்ப்பாடுகளே காரணம். ஓனோவும் பிற்காலத்தில் மரபுவழி உறவை விடுத்து, தொடர்பின் வழிப்பட்ட கலப்புமொழிக் கொள்கையை நாடினார்.

இதனால் அவரது உழைப்பு வீணாயிற்று என்பது பொருளன்று. மன்யோஷு என்னும் பழம்பாடற் றொகுப்பைச் சங்க அகப்பாடல்களோடு ஒருங்குவைத்து நோக்கும் வாயில் இம்முயற்சியால் நமக்குத் திறந்தது. காதலையும் பருவத்தையும் இணைத்துப் பாடும் மரபுகளை அவ்வச்சமூகத்தின் பின்னணியில் விளக்க, குருதியுறவை நிறுவவேண்டிய கட்டாயமில்லை. ஒடுக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டம் தன் தொன்மைக்கு அயல்நாட்டுச் சான்று தேடுவது விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆயினும் பெருமையுணர்வு சான்றின் இடத்தைப் பெறுமாயின், யப்பானிய உழவனின் வாழ்வும் நமக்குப் புலப்படாது; நம்முடைய உழவனின் வாழ்வும் புலப்படாது.