லாண்ட்மாஸ்டருக்கு என்ன நிறம்?

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு தென்னந்தோப்பு. அதன் மூலையில் பனை ஓலைக்கு அடியில் கிடந்த பழைய பவர் டில்லர் ஒன்றை நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கினோம். வாங்கினோம் என்றால், பழைய இரும்புக்காரர் எடைக்குச் சொன்ன விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்தோம், அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதோடு மல்லுக்கட்டு. வீட்டில் இதற்கு வைத்த பெயர் ‘இரும்புக் கிறுக்கு’.

எப்படிச் சரிசெய்தோம் என்பதைவிட, வேலை முடிகிற நேரத்தில் எங்களுக்குள் வந்த ஒரு சண்டையைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. பெயின்ட் அடிப்பதா, வேண்டாமா? கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பழைய இயந்திரங்களைப் புதுப்பிக்கும் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்த பலதையும் அந்தச் சண்டைதான் கலைத்துப் போட்டது.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் படகு எஞ்சின் மெக்கானிக். இந்தக் கரையில் ஓடும் சிறிய நாட்டுப் படகுகள் பலவற்றில் இருப்பது ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். டில்லரில் இருப்பதும் அதே இனம்தான். “தண்ணியில ஓடுனா படகு, தரையில ஓடுனா டில்லர்” என்பார். இன்னொருவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். மூன்றாமவர் பள்ளிக்கூட வாத்தியார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன், குறிப்பு எழுதுவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், மெக்கானிக்குக்கு அப்போதுதான் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த இரண்டு மாசமும் எங்கள் டில்லரை யாரும் தொடமாட்டோம்.

பிஸ்டன் ஸ்லீவோடு ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து சிலிண்டரில் ஊற்றி, வாரா வாரம் ஃப்ளைவீலைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினோம். ஏழாவது வாரம் ஒரு விரல் அகலம் அசைந்தது. அன்றைக்கு ஆளுக்கு இரண்டு பரோட்டா கூடுதல். உப்புக் காற்று பட்டால் அலுமினிய உறைக்குள் இருக்கும் இரும்புப் போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்துவிடும். இரண்டு உலோகமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கேஸ் வைத்துச் சூடு காட்டித்தான் பல போல்ட்டுகளைக் கழற்ற முடிந்தது. தலை உடைந்தவற்றை லேத் நண்பர் துளை போட்டு எடுத்தார். ஆயில் சீல், பேரிங், ரிங், நாசில் எல்லாம் மாற்றினோம். கடைசியில் ஒருநாள் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்து, ஹேண்டில் போட்டுச் சுற்றி, வேகம் ஏறியதும் லீவரை விட்டபோது, இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. தோப்பிலிருந்த காக்கையெல்லாம் பறந்தன.

சண்டை அதற்கு அடுத்த வாரம்.

லேத் நண்பர் போனில் நிறைய வீடியோ பார்ப்பவர். அமெரிக்காவில் 1961-ல் வந்த கப் கேடட், 1963-ல் வந்த ஜான் டீர் 110 போன்ற தோட்ட டிராக்டர்களை அங்கே கழற்றி, துரு நீக்கி, கம்பெனி நிறத்திலேயே பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர்கூட அச்சு அசலாக ஒட்டி நிறுத்துவார்கள். “நம்மளும் அப்பிடிப் பளபளன்னு நிறுத்தணும்” என்றார். வாத்தியாருக்கு அது பிடிக்கவில்லை. “அதோட வயசு தெரியணும்ல? துரு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.” மெக்கானிக் சிரித்தார். “ரெண்டு பேருமே உப்புக் காத்தை மறந்துட்டுப் பேசுறீக. பெயின்ட் இல்லேன்னா ரெண்டே மழைக்காலம். வயசு தெரியாது, எலும்புதான் தெரியும்.”

மெக்கானிக் சொன்னதற்கு இந்தக் கரையிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. பாம்பன் பழைய ரயில் பாலம் 1914-ல் திறந்தது, 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. 108 வருஷம் உப்புக்கு நடுவில் அது நின்றது, சுரண்டிச் சுரண்டி பெயின்ட் அடித்தவர்களாலும், தட்டுகளை மாற்றியவர்களாலும், கப்பல் வரும்போது நடுத் தூக்கைக் கையால் லீவர் தள்ளித் திறந்தவர்களாலும்தான். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபோது பழையதைப் பற்றி உருகி எழுதியவர்கள் பலர். அந்தப் பெயின்ட் வாளியைப் பற்றி எழுதியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. புதுப்பித்தல் ஒருநாள் விசேஷம் மாதிரி. பராமரித்தல் தினசரிச் சமையல்.

இப்படி நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோதுதான் தேங்காய் உரிக்க வந்த பெரியவர் ஒருவர் கிட்டே வந்து நின்றார். மண்டபம் முகாமில் இருப்பவர். 1990-ல் மன்னார் வழியாகப் படகில் வந்தவர்.

“தம்பி, உது லாண்ட்மாஸ்ரர் எல்லோ?”

இல்லை ஐயா, பவர் டில்லர் என்றோம்.

“நீங்கள் என்ன பேர் சொன்னாலும் உது லாண்ட்மாஸ்ரர்தான். எங்கட வீட்டில ஒண்டு கிடந்தது. பெட்டி பூட்டி, சாமானெல்லாம் ஏத்திக்கொண்டு கடற்கரை மட்டும் அதிலதான் வந்தனாங்கள். அங்கேயே விட்டிட்டு வந்தம்.”

என்ன நிறம் என்று லேத் நண்பர் கேட்டார். பெரியவர் யோசித்தார். “நிறம் எங்க தம்பி தெரிஞ்சது? எப்பவும் சேறுதான்.”

அன்று இரவு அந்தப் பெயரைத் தேடிப் போனேன். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இரண்டு சக்கர உழவு இயந்திரம் எதுவானாலும், ஜப்பான் குபோட்டாவோ சீனத்து வண்டியோ, அதற்கு லாண்ட்மாஸ்டர் என்றுதான் பேர். இங்கே ஜெராக்ஸ் மாதிரி. ஆனால் லாண்ட்மாஸ்டர் என்பது இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கம் தோட்டக் கலப்பைகள் செய்த ஒரு கம்பெனி. அவர்கள் செய்ததெல்லாம் வீட்டுத் தோட்டத்தில் காய்கறிப் பாத்தி கிளறும் சின்ன இயந்திரங்கள். 1950-களின் நடுவில் அதை நெல் வயலுக்கு ஏற்றதாக வடிவமைத்தவர் ரே விஜேவர்தன என்ற இலங்கைப் பொறியாளர். 1924-ல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர், விமானம் ஓட்டியவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டிக்குப் போனவர். 2010-ல் காலமானார்.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் ‘உலகின் முதல் இரு சக்கர டிராக்டரைக் கண்டுபிடித்தவர்’ என்று போட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை. அமெரிக்காவில் கிரேவ்லி 1916-லேயே நடந்து ஓட்டும் மோட்டார் கலப்பைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆஸ்திரேலியாவில் ஹோவர்ட் 1912-லேயே சுழல் கலப்பைச் சோதனைகளைத் தொடங்கிவிட்டார். ‘முதல்’ என்ற பட்டம் இல்லாவிட்டாலும் விஜேவர்தன சின்ன ஆள் ஆகிவிட மாட்டார். சொல்லப்போனால் அந்தப் பட்டம் அவரிடம் உள்ள உண்மையான பெரிய விஷயத்தை மறைக்கிறது. தன் இயந்திரம் தவறான கேள்விக்கு விடை என்று அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார் என்பதுதான் அந்த விஷயம்.

அவர் வாதம் எனக்குப் புரிந்த மட்டில் இது. எருமைக்குப் பதில் எஞ்சினை வைத்தோம். எருமை வயலோரப் புல்லைத் தின்று, சாணம் போட்டு, பால் கொடுத்து, கன்றும் ஈனும். எஞ்சின் இறக்குமதி எண்ணெயைக் குடித்து வருஷா வருஷம் தேயும். விளைச்சல் கூடியதா, விவசாயி கையில் காசு நின்றதா என்று கேட்காமல், எப்படி வேகமாக உழுவது என்று மட்டும் கேட்டோம். பிறகு நைஜீரியாவில் இபாதானிலுள்ள வெப்பமண்டல வேளாண்மை ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது அவர் அதற்கும் மேலே போனார். உழவே எதற்கு? களையை அடக்கத்தானே? அப்படியென்றால் நிலத்தை மூடாக்குப் போட்டுக் காப்பாற்றலாம். கிளறிப் போட்டால் வெப்பமண்டல மழை மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். உழவு இயந்திரம் செய்தவர் உழாத விவசாயத்தில் போய் நின்றார்.

அவருடைய எண்ணெய்க் கணக்கு எவ்வளவு சரி என்பதை வட இலங்கை 1990-களில் அனுபவித்தது. எரிபொருளுக்குத் தடை. யாழ்ப்பாணத்தில் துளி பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள். ஆஸ்டின் ஏ-40 கார்கள் அங்கே அத்தனை காலம் ஓடியதைப் பார்த்து நம்மூர் பழைய கார் ரசிகர்கள் ஆச்சரியப்படுவார்கள். அந்தக் கார்களை ஓட வைத்தவர்களில் பலருக்கு அது ரசனையாக இருந்திருக்க வழியில்லை. புது வண்டி வராது, பாகம் வராது, ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அதைப் போட்டோவில் பார்த்து ‘விண்டேஜ்’ என்று சொல்கிறோம்.

என் விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது. பளபளவென்று புதுப்பிப்பவர் இயந்திரத்தைக் கம்பெனி வாசலில் நின்ற நாளுக்குக் கொண்டுபோகிறார். அந்த நாளில் அது இன்னும் யாருடைய வயலையும் உழவில்லை, யாருடைய வேலையையும் எடுத்துக்கொள்ளவில்லை, யாரையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு ஓடவில்லை. துருவை அப்படியே வைக்கச் சொல்பவரும் பெரிய வித்தியாசமில்லை. வயசு தெரியட்டும் என்கிறார், ஆனால் அந்த வயசில் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. ஒருவர் நிறத்தை ரசிக்கிறார், இன்னொருவர் நிறம் போனதை ரசிக்கிறார். எங்கள் சண்டையில் நான் வாத்தியார் பக்கம் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாத்தியாரின் அப்பா திருவாடானைப் பக்கம் வாடகைக்கு ஏர் ஓட்டியவர். மானாவாரி நிலம். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணில் புழுதி உழவு போட்டு விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்கு வானத்தைப் பார்க்கிற சீமை. இயந்திரத்தைக் காட்டலாம் என்று மகன் கூட்டிவந்தார். பெரியவர் சுற்றிப் பார்த்தார், ஷெட்டையும் பார்த்தார். தகரக் கூரை, சிமென்ட் தரை.

“இதுக்கு வீடு கட்டிருக்கீகளா?”

ஆமாம் என்றோம்.

“டிராக்டர் வந்த வருசம் ஏர்மாட்டை வித்தேன். நொகத்தடி வேலிக்கருவை முள்ளோட அடுப்புக்குப் போச்சு.” கோபமாகச் சொல்லவில்லை. வாத்தியாருக்குத்தான் முகம் மாறிவிட்டது. அவருக்கே அன்றுதான் அந்த நுகத்தடிக் கதை தெரியும்.

இதை வைத்து இயந்திரம் கெட்டது, மாடு நல்லது என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. அந்தப் பெரியவரின் முதுகும் கணுக்காலும் ஏர் ஓட்டியே தேய்ந்தவை. “மாடு இருந்திருந்தா இவனைப் படிக்க வச்சிருக்க மாட்டேன்” என்று அவரே பிறகு சொன்னார். மன்னார் பெரியவருக்கோ அந்த வண்டி உயிர் காத்தது. ஒரே மாதிரியான இயந்திரம், இரண்டு பேருக்கு இரண்டு வாழ்க்கை. இரண்டையும் சேர்த்துக் காட்டாத புதுப்பித்தல் எனக்குப் பாதி வேலையாகத்தான் படுகிறது.

இப்போது நிலவரம். மெக்கானிக் பேச்சுதான் ஜெயித்தது. உப்புக் காற்று படும் இடமெல்லாம் துரு சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து மேலே சாதாரண சாம்பல் பெயின்ட். பழைய வெல்டிங் தழும்புகளை யாரும் தேய்க்கக் கூடாது என்று வாத்தியார் கேட்டதற்கு லேத் நண்பர் ஒப்புக்கொண்டார். கைப்பிடி தேய்ந்து பளபளத்திருக்கிறது, அது அப்படியே இருக்கிறது. ஷெட்டில் ஒரு நோட்டு தொங்குகிறது. எந்தத் தேதியில் எந்தப் பாகம் மாற்றினோம் என்று ஒரு பக்கம். எதிர்ப் பக்கத்தில் பார்க்க வந்தவர்கள் சொன்னது. முதல் இரண்டு பதிவுகள் அந்தப் பெரியவர்களுடையவை.

ஒருமுறை தென்னை வரிசைக்கு நடுவில் ஓட்டிப் பார்த்தோம். மணலும் புழுதியும் எங்கள் மேலெல்லாம். சேற்றுக்குச் செய்த சாதியை இந்த மண்ணில் விட்டால் அப்படித்தான். சுழல் கத்தி போன தடத்தைப் பார்த்தபோது விஜேவர்தன சொன்னது சும்மா இல்லை என்று பட்டது. புல் பிடித்து வைத்திருந்த மண் மாவாகிக் கிடந்தது. கத்திகளைக் கழற்றி கிரீஸ் பூசிச் சாக்கில் கட்டி வைத்துவிட்டோம். எஞ்சினிலிருந்து பெல்ட் போட்டு ஒரு பம்பு மாட்டியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிறது.

கியர்பாக்ஸ் பக்கம் ஆயில் இன்னும் கசிகிறது. தடைக்காலம் முடியட்டும் என்கிறார் மெக்கானிக்.