இரண்டு பக்கம், ஒரு பாட்டு, நடுவில் ஒரு பள்ளம்

பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டுகளை டிஜிட்டலாக்கி இணையத்தில் போடுகிறவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவங்க இல்லையென்றால் நான் இதில் பாதிப் பாட்டைக் கேட்டிருக்கவே மாட்டேன். ஆனாலும் ஒரு குறை ரொம்ப நாளா உறுத்துது.

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். நீளமான பாட்டு என்றால் முதல் பக்கத்தில் பாதி, திருப்பிப் போட்டால் மீதி. இப்போது இரண்டையும் ஒரே ஃபைலாக ஒட்டுகிறார்கள். ஒட்டு தெரியக்கூடாது என்று நடுவில் இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு கிராஸ்ஃபேட். அந்த இடத்தில் சத்தம் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. மறைக்கப் போட்டதே காட்டிக்கொடுக்கிறது.

காரணம் எளிது. நேர்கோட்டு ஃபேடில், நடுப்புள்ளியில் இரண்டு ஒலியும் பாதிப் பாதியாக இருக்கும். அரையும் அரையும் ஒன்று, கணக்கு சரிதானே? இரண்டும் அச்சு அசலாக ஒரே அலையாக இருந்தால் சரி. தட்டின் இரைச்சலுக்கு அது பொருந்தாது. ஊஞ்சலை இரண்டு பேர் தள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தாளத்தில் தள்ளினால் விசை முழுசாகக் கூடும். ஆளுக்கொரு நேரத்தில் தள்ளினால் கொஞ்சம் கூடும், கொஞ்சம் வீணாகும். சம்பந்தமில்லாத இரண்டு இரைச்சல்களில் அலை கூடாது, பவர்தான் கூடும். கால் பங்கும் கால் பங்கும் சேர்ந்து அரை. அதாவது 3 டெசிபல் இறக்கம். எஃப்எஃப்எம்பெக்கின் கிராஸ்ஃபேட் ஃபில்டரில் நாமாக எதுவும் சொல்லாவிட்டால் கிடைப்பது இந்த நேர்கோடுதான்.

இதற்கு எல்லாரும் சொல்லும் மருந்து சம பவர் கர்வ். ஆடாசிட்டியில் இதற்குத் தனித் தேர்வே இருக்கு. நடுவில் 0.5-க்குப் பதில் 0.707. இரைச்சல் சமமாகிவிடும். "எப்பவும் சம பவர் போடு, வேலை முடிஞ்சது" என்று சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை. பள்ளம் போய் மேடு வரலாம். ஒரே அலை இரண்டு பக்கமும் இருந்தால் 0.707-ம் 0.707-ம் சேர்ந்து 1.414. இப்போது 3 டெசிபல் ஏற்றம்.

இசைத்தட்டில் இந்த இரண்டு நிலைமையும் ஒரே நொடியில் இருக்கிறது, அதுதான் சிக்கல். இரைச்சல் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. ஆனா பின்னால் ஓடும் சுருதி இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே ஒலி. அவை சேரும் இடத்தில் அலைகள் இணைந்து நிற்குமா, எதிரெதிரா நிற்குமா என்பது முழுக்க அதிர்ஷ்டம். எதிரெதிராக நின்றால் எந்தக் கர்வும் காப்பாற்றாது.

நான் ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்த்தேன். ஒட்டும் இடத்தில் இரண்டு துண்டுக்கும் உள்ள கோரிலேஷனை (பள்ளிக்கூடத் தமிழில் ஒட்டுறவு) அளப்பது. அதோடு 1 கூட்டி, இரட்டிப்பாக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1-ஐ அதால் வகுப்பது. வருவதுதான் நடுப்புள்ளியின் கெயின். கோரிலேஷன் 1 என்றால் 0.5, பூஜ்யம் என்றால் 0.707, மைனஸ் 0.5 என்றால் 1. அழகான கணக்கு. மீட்டரில் மொத்தச் சத்தம் கோடு போட்ட மாதிரி நின்றது. ஹெட்போனில் கேட்டால் சுருதி தனியாக ஊசலாடுது! ஒற்றை எண்ணை வைத்து இரைச்சலையும் சுருதியையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வார இறுதி ஆனது.

இன்னொன்றும் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுழலவில்லை. வேகத்தில் 1 சதவீத வித்தியாசம் என்றால் சுமார் 17 சென்ட் சுருதி விலகல். ஆதார ஷட்ஜம் 140 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் மறுபக்கத்தில் 141.4. இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்போது விநாடிக்கு 1.4 முறை சத்தம் ஏறி இறங்கும். இரண்டு விநாடி ஃபேடில் கிட்டத்தட்ட மூன்று அலை. இதைக் கர்வ் பிரச்சினை என்று நினைத்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். வேகத்தைச் சரிசெய்யாமல் ஃபேடைத் தொட்டே இருக்கக்கூடாது.

வேகத்தைச் சரிசெய்த பிறகு மறுபடி கேட்டேன். அப்போதுதான் உறைத்தது: அந்தப் பாட்டு தொடர்ச்சியாகப் பாடப்பட்டதே இல்லை. முதல் பக்கம் முடிகிறதென்று தெரிந்து, கடைசி வரியைக் கொஞ்சம் அவசரமாக முடித்து நிறுத்துகிறார் பாடகர். மறுபக்கத்தில் புதிதாக மூச்செடுத்துத் தொடங்குகிறார். இந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினால், அவர் பாடாத ஒன்றை நாம் உண்டாக்குகிறோம். சமமான சத்தத்துக்காக இதைச் செய்ய வேண்டுமா?

இப்போது நான் பாட்டைத் தொடுவதில்லை. முதல் பக்கத்தில் குரலும் சுருதியும் முழுசாக அடங்கியபின் வரும் வெறும் இரைச்சலையும், மறுபக்கத்தின் தொடக்க இரைச்சலையும் மட்டும் ஒரு விநாடிக்கு ஒன்றின்மேல் ஒன்று போடுகிறேன். அங்கே இருப்பது இரைச்சல் மட்டும்தான், அதனால் சம பவர் அங்கே கச்சிதம். முன்பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால், இரைச்சல் அளவு மாறுவது அப்படியே கேட்கும். கேட்கட்டும். தட்டைத் திருப்பிப் போட்டது கேட்பவருக்குத் தெரிகிறது, பாடகர் மூச்செடுப்பதும் கேட்கிறது.