வான்வழிப் படமும் இரட்டுற மொழிதலும்

ஒரு தொடரில் இரு பொருள் அமையப் பாடுவது புலமைக்கு அழகு. காளமேகப் புலவரின் சிலேடைகளைச் சுவைத்துக் கற்பிக்காத தமிழாசிரியர் அரியர். கற்பவன் முதற்பொருளை உணர்ந்து, சற்றே நின்று, இரண்டாம் பொருளையும் கண்டு மகிழ்கிறான். அவ்வாறு நின்று நோக்க அவனுக்குப் பொழுது உண்டு. பொழுதே இல்லாத வாசகன் ஒருவன் உளன், அவன் விமானி. அவன் மடிமீது கிடக்கும் வான்வழிப் படமும் ஒரு நூலே. சொல்லுக்குப் பதிலாகக் குறிகளால் எழுதப்பட்ட அந்நூலில் இரட்டுற மொழிதல் எங்கெங்கே புகுந்துள்ளது என ஆராய்வது பயனுடைத்து.

படம் பிறந்த வகை

1930ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தபால் விமானம் ஓட்டி வந்த எல்ரி ஜெப்பசன் என்பார் பத்துக் காசு விலையில் ஒரு குறிப்பேடு வாங்கினார். இறங்கு தளங்களின் நீளம், குன்றுகளின் உயரம், புகைபோக்கிகள் நிற்கும் இடம் ஆகியவற்றை அதில் எழுதி வைத்தார். 1934 முதல் அக்குறிப்புகளைப் பிற விமானிகளுக்கு விற்கலானார். நாட்டுக்கு நாடு குறிகள் வேறுபட்டால் எல்லை கடக்கும் விமானிக்கு இடர் விளையும். ஆதலின் 1944இல் சிக்காகோ உடன்படிக்கை தோன்றியபின், பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 1948இல் அதன் நான்காம் இணைப்பாகப் பட விதிகளை ஏற்றது.

நயங்கள்

குறைகூறுமுன் நிறையைக் கூறுதல் முறை. அமெரிக்காவில் வழங்கும் செக்ஷனல் என்னும் பகுதிப்படத்தைச் சான்றாகக் கொள்ளலாம். அதில் ஒரு சென்டிமீட்டர், நிலத்தில் 5 கிலோமீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டர் செல்லும் சிறு விமானம் அதனை ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடும். அதற்குள் கண்டு, உணர்ந்து, முடிவு செய்தல் வேண்டும்.

இதற்கேற்பக் குறிகள் அமைந்துள்ளன. கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள நிலையத்திற்கு நீலம். இல்லாததற்குக் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மெஜந்தா நிறம். தூய சிவப்பு மையால் அச்சிட்டால், விமானி அறையின் சிவப்பு விளக்கொளியில் அது தாளோடு கலந்து மறைந்துவிடும். மெஜந்தாவோ கருத்த கோடாகத் தெரியும். உயர்ந்த கம்பங்களைக் கூரை முகடு போன்ற கூர்வடிவம் காட்டும். அதனருகே இரண்டு எண்கள் நிற்கும். தடித்த எண் கடல் மட்டத்திலிருந்து உச்சியின் உயரம். அடைப்புக்குறிக்குள் உள்ளது தரையிலிருந்து உயரம். 1,250 எனவும் (650) எனவும் கண்டால், அங்கே நிலம் 600 அடி உயரத்தில் உள்ளது என்பது தானே பெறப்படும். இரு பொருளுக்கு இரு வடிவம் தந்த இவ்வமைப்பு பாராட்டுக்குரியது.

ஒரே உருவம், இரு பொருள்

இந்த ஒழுங்கு எங்கும் காக்கப்படவில்லை. பகுதிப்படத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெரிய எண் உண்டு. 12 என்பதை அடுத்துச் சிறிய 5 நின்றால் 12,500 அடி எனப் படித்தல் வேண்டும். அக்கட்டத்தில் உள்ள மிக உயர்ந்த நிலத்தையோ கம்பத்தையோ கொண்டு கணித்த எண் அது. அதன்மேல் பறந்து செல்லப் போதிய பாதுகாப்பு இடைவெளி அதில் அடங்கவில்லை. கருவிகளைக் கொண்டே பறப்பவர்க்குரிய வழிப்படத்திலும் இதே வடிவில் ஒரு பெரிய எண் அச்சிடப்படுகிறது. அந்த எண்ணிலோ தடைகளுக்குமேல் 1,000 அடி, மலைநாட்டில் 2,000 அடி இடைவெளி சேர்க்கப்பட்டுள்ளது. ஒன்று ‘இவ்வளவு உயரம் வரை இடர் உண்டு’ என்கிறது. மற்றொன்று ‘இவ்வளவு உயரத்தில் பறந்தால் தடை இல்லை’ என்கிறது. உருவமோ ஒன்றே. புலவன் செய்திருந்தால் இது சிலேடை. படம் வரைவோர் செய்தமையால் இது பிழைக்கு வாயில்.

வெற்றிடமும் இவ்வாறே இரு பொருள் தரும். அமெரிக்கப் பகுதிப்படத்தில் 200 அடிக்குக் குறைந்த கம்பங்கள் பொதுவாகக் காட்டப்படுவதில்லை. குறி இல்லாத இடத்தில் ஒன்றும் இல்லை எனக் கொள்பவன் ஏமாறுவான். ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதினர். மெய்யோ உயிர்மெய்யோ என்பதைப் படிப்பவர் இடம் நோக்கி உணர்ந்தனர். சுவடியில் பிழைத்தால் பாடபேதம். வானில் பிழைத்தால் உயிர்ச்சேதம்.

கண்கூடான சான்று

1995 டிசம்பர் 20ஆம் நாள் இரவு, கொலம்பியாவின் காலி நகரை அணுகிய விமானம் ஒன்று மலையில் மோதியது. அதிலிருந்த 163 பேரில் 159 பேர் மாண்டனர். விமானிகளின் கையிலிருந்த படம் ரோசோ என்னும் வானொலி நிலையத்தை ‘ஆர்’ என்னும் ஓர் எழுத்தால் குறித்தது. விமானத்தின் கணிப்பொறியிலோ அதே எழுத்து பொகோட்டா நகரின் அருகிலுள்ள ரோமியோ நிலையத்தைச் சுட்டியது. ரோசோ வேண்டுமெனில் முழுப்பெயரையும் இடவேண்டும். ‘ஆர்’ என இட்டதும் விமானம் இடப்புறம் திரும்பியது. விசாரணை விமானிகளின் தவறுகளையே முதற்காரணமாகக் கூறிற்று. எனினும் படத்தின் பெயர் மரபும் பொறியின் பெயர் மரபும் வேறுபட்டதைத் துணைக்காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

செவிக்கும் இவ்விடர் உண்டு என்பதற்கு மலேசிய மண்ணிலேயே சான்று உள்ளது. 1989 பிப்ரவரி 19ஆம் நாள் சுபாங் நிலையத்தை அணுகிய சரக்கு விமானத்திற்கு 2,400 அடிக்கு இறங்குமாறு ஆணை தரப்பட்டது. ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணுக்கும், ‘அளவுக்கு’ எனப் பொருள்தரும் இடைச்சொல்லுக்கும் ஒலி ஒன்றே. விமானிகள் அதனை 400 அடி எனக் கொண்டனர். விமானம் பூச்சோங் அருகே குன்றில் மோதி, அதிலிருந்த நால்வரும் இறந்தனர்.

கற்றவன் பிழையான் என்பாருக்கு

குறிகளை நன்கு கற்ற விமானி பிழை செய்யான். படத்தைக் குறைகூறல் வீண் என்பர் சிலர். பயிற்சி இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் காலியில் மாண்ட விமானிகள் பயிற்சி பெற்றவரே. களைப்பிலும் அவசரத்திலும் மனம் பழகிய பொருளையே முதலில் பற்றும். அந்நேரத்தில் தவறான பொருளுக்கு இடங்கொடாத குறியே நற்குறி.

இன்று தாளுக்குப் பதிலாகக் கைக்கணினித் திரையில் படம் விரிகிறது. விரலால் தொட்டால் பெரிதாகிறது; வேண்டாத குறிகளை மறைக்கவும் இயல்கிறது. ஆனால் மறைத்ததை மறந்தவனுக்கு அங்கே இன்னொரு வெற்றிடம் தோன்றுகிறது.

செய்யத்தக்க திருத்தம் பெரிதன்று. அவ்விரு பெரிய எண்களுள் ஒன்றற்கு வேறு உருவமோ, அருகில் ஓர் அடையாள எழுத்தோ தந்தால் போதும். வகுப்பறையில் நிலப்படம் கற்பிப்போர்க்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. பச்சை நிறம் கண்ட இடமெல்லாம் காடு என்று சொல்லும் மாணவன், அது தாழ்நிலத்தின் அடையாளம் என்பதை அறியான். படத்தின் மூலையிலுள்ள குறிவிளக்கத்தை முதலில் படிக்கச் செய்து, அதன் பின்னரே ஊர்களையும் ஆறுகளையும் தேடச் செய்தல் நன்று.