மைனஸ் 40 காட்டிய கார்

கோயம்புத்தூர் சித்திரை வெயிலில் நின்ற ஒரு காரின் இன்ஜின், தான் மைனஸ் 40 டிகிரி குளிரில் இருப்பதாகத் தன் கணினிக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தச் சேதியை நம்ப முடியாத கணினி, எதற்கும் இருக்கட்டும் என்று ரேடியேட்டர் ஃபேனை முழு வேகத்தில் சுழல விட்டது. தெருமுனை வரை இரைச்சல் கேட்டது.

கார் என் மைத்துனனுடையது. 2013 மாடல் ஜெர்மன் செடான், இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 82,000 கி.மீ. ஓடியது. புதுசின் விலையில் கால்வாசிக்கும் குறைவாகக் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது வாரம் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. "மாமா, கூலன்ட் சென்சார் போயிருச்சுன்னு ரெண்டு தடவை மாத்திட்டாங்க. ஒரு வாரம் நல்லா ஓடுது, மறுபடியும் அதே லைட்டு" என்று என்னைக் கூப்பிட்டான். என்னிடம் அப்போது இரண்டு ஓபிடி அடாப்டர்கள் இருந்தன. ஒன்று 600 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கிய புளூடூத் டப்பா. இன்னொன்று 3,500 ரூபாய்க்கு வாங்கியது. இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அடுத்த இரண்டு வாரம் அந்தக் காரில் அவற்றை வைத்துப் படித்ததுதான் இந்த விமர்சனம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில், 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமானது. அதில் அடாப்டரைச் செருகி, போனில் ஒரு செயலியைத் திறந்தால், இன்ஜின் கணினி பார்ப்பதை நாமும் பார்க்கலாம். மலிவான அடாப்டர்களின் உள்ளே ஓடுவது ஈ.எல்.எம் 327 என்ற சிப்பின் நகல். கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய அசல் சிப்பின் முதல் பதிப்பில் நகல் தடுப்பு இல்லாமல் போனதால் சந்தை முழுக்க நகல்கள் பெருகின. அந்த நிறுவனமே 2022ல் மூடிவிட்டது. அட்டைப்பெட்டியில் 'வெர்ஷன் 1.5' என்று போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், நகல்தான். எல்ம் அந்த எண்ணில் எதையும் வெளியிட்டதில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் பழைய வகை புளூடூத் டப்பா வாங்கினால் இணையாது. புளூடூத் எல்.இ. அல்லது வைஃபை வகைதான் வேண்டும்.

செருகியதும் இரண்டு பிழைக் குறியீடுகள், அதாவது 'கோடு'கள், வந்தன. பி0118, பி0128.

இந்த இடத்தில்தான் பலருடைய பணம் போகிறது. செயலி பி0118க்கு 'கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட், ஹை' என்று எழுதிக் காட்டும். சென்சார் என்ற சொல்லைப் பார்த்ததும் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். கோடு சொன்னது சென்சார் கெட்டுவிட்டது என்று அல்ல. அந்தச் சுற்றில் வோல்டேஜ் அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான். கணினி 5 வோல்ட்டை ஒரு மின்தடை வழியாகச் சென்சாருக்கு அனுப்புகிறது. சென்சார் என்பது சூடேறினால் தடை குறையும் ஒரு சின்ன மணி. பல ஐரோப்பியக் கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம். குளிரக் குளிரத் தடை ஏறும், வோல்டேஜும் ஏறும். வயர் அறுந்தாலோ கனெக்டர் விட்டுப்போனாலோ தடை எல்லையில்லாமல் ஏறியதாகக் கணினிக்குத் தெரியும். அதன் கணக்கில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உலகத்திலேயே பெரிய குளிர். ஓபிடி நெறிமுறையில் கூலன்ட் வெப்பநிலை ஒரே ஒரு பைட். அதிலிருந்து 40ஐக் கழித்தால் டிகிரி. பைட் சுழியமானால் மைனஸ் 40. சில கார்களில் கணினி இதை மறைத்து ஒரு மாற்று மதிப்பைக் காட்டிவிடும். இந்தக் காரில் மைனஸ் 40 அப்படியே வந்தது, அது நம் நல்ல நேரம்.

கோடுகளை அழிக்கவில்லை. அழிக்கும் பொத்தான் எல்லாச் செயலியிலும் பளிச்சென்று இருக்கும். அதைத் தொட்டால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். கோடு விழுந்த அந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது என்ற படம் அது. இதில் இருந்தது: வேகம் 0, சுழற்சி 780, கூலன்ட் மைனஸ் 40. வண்டி நின்று அதிர்ந்துகொண்டிருக்கும்போது தொடர்பு விட்டிருக்கிறது. சென்சார் இரண்டு தடவை மாறியும் அதே கோடு வந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அடுத்து, வரைபடம். கூலன்ட் வெப்பநிலையை மட்டும் தேர்ந்தெடுத்து இன்ஜினை ஓட விட்டு, பானெட்டைத் திறந்து கனெக்டர் வயரை லேசாக அசைத்தேன். 3,500 ரூபாய் அடாப்டரில் 88ல் ஓடிக்கொண்டிருந்த வரைகோடு கிணற்றில் விழுந்த மாதிரி மைனஸ் 40க்கு இறங்கி, அடுத்த நொடியே மேலே வந்தது. அதே சோதனையை 600 ரூபாய் டப்பாவில் ஆறு அளவுகளை ஒன்றாகப் போட்டுச் செய்தபோது ஒன்றும் தெரியவில்லை. அது ஒவ்வொரு அளவாகக் கேட்டு வாங்கி முடிப்பதற்குள் விழுந்ததும் எழுந்ததும் நடந்து முடிந்துவிடுகிறது. ஒரே அளவை மட்டும் வைத்தபோது அதுவும் பிடித்தது, ஆனால் மூன்றில் ஒரு தடவைதான். மலிவு டப்பா வைத்திருப்பவர்கள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் குறை தீரும்.

கனெக்டரைக் கழற்றினோம். பின் மீது இளஞ்சிவப்பாக, காய்ந்த உப்பு மாதிரி ஒரு படிவு. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. கூலன்ட் காய்ந்தால் இப்படித்தான் இருக்கும். மேலே எங்கிருந்தோ சொட்டியிருக்கிறது. சிங்காநல்லூர் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணா அதை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சென்சார் பாவமுங்க. மேல ஒழுகறத விட்டுப்போட்டுக் கீழ நனையறத மாத்திட்டு இருந்திருக்காங்க" என்றார்.

ஒழுகலைத் தேடுவதற்கு முன் இரண்டாவது கோடு. பி0128 என்றால் இன்ஜின் சூடேற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. இதை என் கண்ணால் பார்த்து நம்ப விரும்பினேன். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை போகிற பைபாஸில் 80 கி.மீ. வேகத்தில் ஓட்டினோம். கூலன்ட் 71. மைத்துனன் டேஷ்போர்டைக் காட்டி, "முள்ளு நடுவுலதான நிக்குது மாமா" என்றான். நின்றது, 90ல், அசையாமல். இறங்கி ஊருக்குள் வந்து சிக்னலில் நின்றதும் செயலியில் 78, 84, 91 என்று ஏறியது. முள் அப்போதும் அதே 90.

இந்த வகைக் கார்களை வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த முள்ளைப் பற்றித்தான். ஓட்டுநர் பதறக் கூடாது என்று, சுமார் 75 முதல் 105 டிகிரி வரை எதுவாக இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி நிரல் எழுதியிருக்கிறார்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், 1.4 பார் அழுத்தம் தாங்கும் மூடியோடு, 130 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடியோ குழாயோ ஒழுகி அழுத்தம் போய்விட்டால் அதே கூலன்ட் 107, 108லேயே கொதித்துவிடும். முள் நகரத் தொடங்குவதற்கும் கொதிப்பதற்கும் நடுவில் அப்போது மூச்சு விட நேரம் இருக்காது. போன் திரையில் வரும் அந்த ஒரு எண்ணுக்காகவே இந்த அடாப்டரை வாங்கலாம் என்பேன்.

எண் எப்போது ஏறுகிறது என்று கவனித்தால் குறை எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எங்களுக்கு வந்த மாதிரி நெடுஞ்சாலையில் குறைந்து, நின்றால் சரியானால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒழுங்காக இருந்து, நெரிசலில் மட்டும் ஏறினால் ஃபேனைப் பார்க்க வேண்டும். வேகம் கூடக்கூட, மேடு ஏற ஏறச் சூடும் கூடினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். நம் பட்டறைகளில் வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று கழற்றி வீசுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது; ஃபேனை 'டைரக்ட்' கொடுத்துவிடுவதும் உண்டு. பழைய கார்புரேட்டர் வண்டியில் அது எப்படியோ ஓடியது. இந்த இன்ஜின் 70 டிகிரியில் ஓடினால், தான் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாது. டர்போ இன்ஜினில் அது மெல்லக் கொல்லும் நோய்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தோம். ஆறிய நிலையில் முழுக்க மூடியிருக்க வேண்டும். ஓரத்தில் நூல் போல ஒரு கீற்று வெளிச்சம். வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே வெள்ளையாக ஒரு செதில் மாட்டியிருந்தது. போர் தண்ணீரின் உப்பு. யாரோ கூலன்ட் குறைந்தபோதெல்லாம் குழாயைத் திறந்து நிரப்பியிருக்கிறார்கள். சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் ரேடியேட்டருக்கு வேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீரும், அந்தக் காருக்குச் சொன்ன வகைக் கூலன்ட்டும்தான்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க அடாப்டர் உதவவில்லை. உதவவும் முடியாது. அது கணினிக்குத் தெரிந்ததைத்தான் சொல்லும். சொட்டு விழுவதைப் பார்க்கும் சென்சார் எதுவும் காரில் இல்லை. மெக்கானிக் அண்ணா ஆறிய இன்ஜினில் எக்ஸ்பான்ஷன் டாங்க் மூடியைக் கழற்றி, சைக்கிள் பம்ப் போன்ற பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி 1.4 பார் ஏற்றினார். டீ குடித்துவிட்டு வந்தோம். இருபது நிமிடத்தில் 1.1க்கு இறங்கியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் குழாய் சேரும் பிளாஸ்டிக் பிளாஞ்சின் தையலில் மயிரிழை விரிசல், அதில் ஒரு இளஞ்சிவப்பு முத்து. அது உருண்டு, நேர் கீழே இருந்த கனெக்டர் மீது விழுந்ததை மூன்று பேரும் பார்த்தோம். பத்து வருடம் சூடேறி ஆறிய பிளாஸ்டிக் இப்படித்தான் போகும். இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை, வயதான சொகுசுக் கார் வாங்கினால் இந்தப் பாகங்களுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பளபளக்கும் அலுமினியத்தில் அடித்தால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, டேப் மீது அடியுங்கள். இதை வைத்துத்தான் புதுச் சென்சார் சொல்வதும் ஹெட் சூடும் ஒத்துப்போகின்றன என்று உறுதி செய்தோம். இதைவிட எளிய சோதனை காலையில் இருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல், கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த டப்பாவின் பெரிய பயன் வேறு. இதே மாதத்தில் நண்பருக்காக இன்னொரு காரைப் பார்க்கப் போனோம். விளக்கு எதுவும் எரியவில்லை, கோடும் இல்லை. ஆனால் 'கோடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம்' 11 கி.மீ. என்று இருந்தது. 'அழித்த பிறகு சூடேறிய தடவைகள்' ஒன்று. கணினி தானே செய்துகொள்ளும் சோதனைகளான ரெடினெஸ் மானிட்டர்களில் பாதி முடியாமல் நின்றன. அன்று காலைதான் அழித்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினாலும் இப்படி வரலாம் என்பதால் கேட்டேன். பேட்டரியைத் தொடவே இல்லை என்றார் விற்பவர். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். சாவி போட்டதும் செக் இன்ஜின் விளக்கு ஒரு தடவை எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லை என்றால் விளக்கையே யாரோ ஊமையாக்கியிருக்கிறார்கள்.

குறைகள் உண்டு. இரண்டு அடாப்டருமே இன்ஜின் கணினியோடு மட்டும்தான் ஒழுங்காகப் பேசுகின்றன. ஏர்பேக், ஏபிஎஸ், கியர்பாக்ஸ் கோடுகளுக்கு அந்தந்தத் தயாரிப்புக்கான ஸ்கேனர் வேண்டும். சாக்கெட்டின் 16ஆம் பின்னில் சாவி இல்லாதபோதும் பேட்டரி மின்சாரம் இருக்கும். செருகியபடியே விட்டு இரண்டு வாரம் ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். மலிவு டப்பாவை வைத்துக் கணினியில் எதையும் எழுதவோ மாற்றவோ முயலாதீர்கள். படிப்பதற்கு மட்டும் அது போதும். இரண்டில் ஒன்றை வாங்கச் சொன்னால் 3,500 ரூபாய்ப் பொருளைத்தான் சொல்வேன். அந்த ஒரு நொடிச் சரிவைத் தவறாமல் பிடித்தது அதுதான்.

மைத்துனன் காரில் வேலை முடிந்தது: பிளாஞ்ச், தெர்மோஸ்டாட், புதுக் கனெக்டர், வாக்குவம் வைத்து நிரப்பிய கூலன்ட். டாங்கில் மட்டத்துக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலை ஏறினோம். கல்லாறு வரை 90, 91. பர்லியாருக்கு மேலே, ஒரு வளைவில் காய்கறி லாரிக்குப் பின்னால் ஏசியோடு பத்து நிமிடம் ஊர்ந்தோம். 96, 99, 101. மைத்துனன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஃபேன் மெதுவாகச் சுழலத் தொடங்கியது கேட்டது. 98, 94. லாரி ஒதுங்கி வழி விட்டது.

மறுநாள் காலை சாவி போட்டதும் கூலன்ட் 27, காற்று 27. டாங்கில் கூலன்ட் மார்க்கர் கோட்டிலேயே நின்றது. "இனிமே இத நானே வச்சுக்கறேன் மாமா" என்று அடாப்டரைக் கழற்றிக் கிளவ் பாக்ஸில் போட்டுக்கொண்டான்.